பொப்பிசையும் றொசல்ல ரயிலும்

ஈழத்துப் பொப்பிசையின் மூத்த கலைஞர்கள் மீண்டும் மேடையேறும்போது நரைத்த தலைகளும் தாளமிடும். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ.ஈ.மனோகரனின் ‘சுராங்கனி’ ஆகியவற்றின் வலிமை அத்தகையது. எனக்கோ றொசல்ல ரயில் நிலையமே நினைவுக்கு வரும்.

இலங்கை வானொலி அப்பாடல்களை லயன் காம்பிராக்கள்வரை கொண்டுசென்ற எழுபதுகளில், 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையக மக்கள் அவ்வழியே ரயிலில் தலைமன்னார் சென்று, இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். மனோகரனும் பின்னர் தமிழகம் சென்றார். 2018 ஜனவரி 22இல் சென்னையில் காலமானார்.

அங்கே அவர் ‘சிலோன் மனோகர்’. அவர் பாடலைக் கேட்டு வளர்ந்த தொழிலாளர்கள் ‘சிலோன்காரர்’. ஒரே சொல் ஒருவருக்குப் புகழாயிற்று, மற்றவர்களை அந்நியராக்கிற்று. பழைய பாடல்களுக்குக் கைதட்டும்போது அந்த ரசிகர்களையும் நினைவுகூர்வோம்.