துரை, அரைப்பேர், அத்துமீறல்

சப்ரகமுவத் தோட்டங்களின் வரலாற்றைக் கணக்கேடுகளில் தேடுவோர் பலர். அங்கு வழங்கும் சொற்களில் தேடுவோர் சிலரே. இறக்குவானை தொடங்கி எட்டியாந்தோட்டை வரை, தேயிலைக்கும் இறப்பருக்கும் நடுவே புழங்கிவந்த சொற்களை நிறுத்துப் பார்த்தால், எது ஊதப்பட்டது, எது நசுக்கப்பட்டது என்பது தெற்றென விளங்கும்.

'துரை' அரசனையும் தலைவனையும் குறித்த சொல். தோட்டத்தை நடத்த வந்த வெள்ளையன், சம்பளம் பெறும் கம்பெனி உத்தியோகத்தனே ஆயினும், இங்கே துரையானான், அவனுடைய உதவியாளன் சின்னத்துரை, மனைவி துரைசானி. காலையில் ஆளெண்ணி வேலை பிரிப்பதற்குப் 'பெரட்டு' என்று பெயர். பட்டாளத்தின் 'பரேட்' திரிந்த சொல் அது. கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்களுக்கு எதற்குப் பட்டாளம்? வரிசை வீடுகளைக் குறித்த 'லைன்' நம்மவர் வாயில் 'லயம்' ஆயிற்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்கு இசைவாணர் சொல் வாய்த்தது தற்செயலே; என்றாலும் கசக்கிறது.

மறுபுறம் பாருங்கள். ஒருநாட் கூலி 'பேர்'. கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. பகலெல்லாம் சரிவில் நின்றவளின் கூலி மட்டுமா, பெயரே பாதியாகிவிடுகிறது!

மிகைச்சொல் எரிச்சலூட்டுவது அது பொய் என்பதனாலன்று. தாய் தன் மகனை 'ராசா' என்கிறாள், யாரும் சினப்பதில்லை. அவள் தன் கையிலிருந்து கொடுக்கிறாள். 'துரை'யோ வசூலிக்கப்பட்ட வரி. அதனாற்றான் வீண் அதிகாரம் செய்பவனைப் 'பெரிய தொரை இவரு' என்று மக்கள் குத்திக்காட்டுகின்றனர். 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு மாறிய பின்னும் அச்சொல் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டது.

சட்டமும் மிகைபடப் பேசும். கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை, தொழிலாளர் உருளவள்ளி என்றழைத்த தோட்டத்தை, கிராம விஸ்தரிப்புக்கென அரசாங்கம் சுவீகரித்தது. குடியிருந்த தமிழ்த் தொழிலாளர் வெளியேற மறுத்தனர். 1946இல் சுற்றுத் தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் பரவியது. லயத்தை விட்டு அகலாததற்குச் சட்டம் இட்ட பெயர் 'குற்றமுறை அத்துமீறல்'. அத்து என்றால் எல்லை. தன் அடுப்படியிலேயே இருந்தவன் எந்த எல்லையைக் கடந்தான்? அச்சுறுத்தவோ, அவமதிக்கவோ, எரிச்சலூட்டவோ எண்ணி இருந்தாலன்றி அக்குற்றம் நிற்காது. ஆக, ஏழை தன் வீட்டில் இருப்பதே பிறருக்கு எரிச்சலூட்டத்தான் என்று அரசு வாதாடியது!

கீழ்மன்றம் தண்டித்தது. வழக்கு இலண்டன் வரை போயிற்று. 1950இல் கோமறைக் கழகம் தொழிலாளியின் பக்கமே தீர்ப்பளித்தது. குடியிருந்த வீட்டிலேயே இருந்துவிட வேண்டும் என்பதே அத்தொழிலாளியின் மேலோங்கிய நோக்கம், எரிச்சலூட்டுவதன்று என்பது தீர்ப்பின் சாரம்.

அதற்குள் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்துவிட்டது. வீட்டில் இருந்தது குற்றமன்று என்று இலண்டன் சொன்ன வேளையில், தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் நாடற்றவராயிருந்தனர்.