பால்பல் ஒட்டில் லேசர்

சொத்தையை எடுத்த பால்பல்லில் பல் நிற அடைப்பு கழன்று விழாமல் பிடித்து நிற்பதற்காக, பல்லின் பரப்பை லேசரால் பதப்படுத்தும் முறை. பரப்பை அமிலத்தால் அரிக்கும் வழக்கத்துக்கு மாற்று என்ற நம்பிக்கையில் வளர்ந்தது. இன்று பெரும்பாலும் அமிலத்தின் துணையோடுதான் நடக்கிறது.

பல்லில் பிசின் ஒட்டும் என்று 1955இல் காட்டியவர் அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் பணியாற்றிய மைக்கேல் புவோனோகோர். 85 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை எனாமலில் 30 விநாடி வைத்துக் கழுவினார். அரிப்பில் உண்டான நுண்குழிகளுக்குள் அக்ரிலிக் இறங்கி இறுகிக்கொண்டது. எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் ஈரமானது, எளிதில் பிடி கொடுக்காதது. அதன் கொலாஜன் இழைகளுக்கு இடையே பிசின் ஊடுருவி ஒரு கலப்பு அடுக்கு உருவாவதை ஜப்பானின் நகபயாஷி 1982இல் விளக்கிய பிறகே அந்த ஒட்டு புரிந்தது.

பால்பல்லை நிலைப்பல்லின் சிறு வடிவம் என்று நினைத்துவிடக் கூடாது. எனாமல் மெல்லியது, அதன் மேற்பரப்பில் பட்டக அமைப்பற்ற அடுக்கு ஒன்று உண்டு. டென்டினை அமிலம் விரைவாகவே அரிக்கும்; பற்கூழும் வெளிப்புறத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. பெரியவர்களின் பல்லுக்கு வகுத்த அமில நேரத்தை அப்படியே பால்பல்லுக்கு வைத்தால், அரிக்கப்பட்ட ஆழம் முழுவதும் பிசின் போய்ச் சேராது.

தியோடர் மைமன் 1960இல் ரூபி லேசரை இயக்கிக் காட்டிய சில ஆண்டுகளிலேயே அது பல்லுக்கு வந்தது. தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன் 1965இல் அதைப் பல் மருத்துவரான தன் சகோதரரின் பல்லிலேயே பாய்ச்சினார். வலிக்கவில்லை. ஆனால் ரூபி லேசரின் வெப்பம் பற்கூழுக்கு ஆபத்து என்பது பிந்தைய சோதனைகளில் தெரிந்தது. 1980களின் இறுதியில் ஜெர்மனியின் ஹிப்ஸ்ட், கெல்லர் இருவரும் எர்பியம் லேசரைக் கடின திசுவில் ஆராய்ந்ததுதான் உண்மையான திருப்பம். அமெரிக்காவில் 1997இல் அதற்கு அனுமதி கிடைத்தது.

எர்பியம்-யாக் லேசரின் 2,940 நானோமீட்டர் ஒளியை நீர் வெகுவாக உறிஞ்சும். பல்லுக்குள் இருக்கும் நீர் நொடிப்பொழுதில் ஆவியாகி வெடித்துத் திசுவைப் பெயர்க்கிறது. பட்பட்டென்ற ஓசை கேட்கும், கூடவே தண்ணீர் பீய்ச்சிக் குளிர்விப்பார்கள். துளைக்கருவியின் அதிர்வு இல்லை என்பதால் குழந்தைகளுக்கான பல் மருத்துவர்களுக்கு இது பிடித்துப்போனது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் பரப்பு செதில் செதிலாக இருக்கும். துளைக்கருவி விட்டுச்செல்லும் தூள்படலம் இருக்காது, டென்டின் குழல்கள் வாய் திறந்து நிற்கும். ஒட்டுக்கு இதைவிட நல்ல பரப்பு ஏது என்று தோன்றியதில் வியப்பில்லை.

சோதனைகள் அந்த எதிர்பார்ப்பை முழுதாகக் காப்பாற்றவில்லை. லேசர் மட்டும் பட்ட எனாமலில் ஒட்டு பல ஆய்வுகளில் அமிலம் வைத்ததைவிட வலுக் குறைந்தது. டென்டினில் சிக்கல் இன்னும் ஆழம்: வெப்பத்தால் மேலடுக்கின் கொலாஜன் இழைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, பிசின் நுழைய இடைவெளி அடைபடுகிறது. லேசருக்குப் பின் அமிலமும் வைத்தால் சில ஆய்வுகளில் வழக்கமான ஒட்டுக்கு இணையாகிறது, சிலவற்றில் பின்தங்குகிறது. ஆற்றல், துடிப்பின் நீளம், நீரின் அளவு, பிசின் வகை எல்லாமே ஆய்வுக்கு ஆய்வு மாறுவதால் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது கடினம். வெட்டுவதற்கு அதிக ஆற்றலும், பரப்பை முடிப்பதற்குக் குறைந்த ஆற்றலும் வைப்பது இந்தச் சேதத்தைக் குறைக்கும் வழியாகப் பேசப்படுகிறது.

ஒட்டின் வலுவைச் சொல்லும் இந்த மெகாபாஸ்கல் கணக்குகளில் பெரும்பகுதி, தானாக விழுந்த அல்லது பிடுங்கிய பற்களில் ஆய்வகத்தில் எடுக்கப்பட்டது. உமிழ்நீரும் அழுகையும் அசைவும் உள்ள குழந்தையின் வாயில், கடைவாய்ப் பால்பல் விழும் 10–12 வயதுவரை அடைப்பு நிற்குமா என்பதை அவற்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.