எல்லை வட்டங்களும் குறிப்பேட்டின் அளவுருக்களும்

மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைக் கேரளத்துக்கே பரிந்துரைத்தது. அங்குத் தமிழர் பெருந்தொகையினராக வாழ்ந்தும், அவர்களுள் பலர் நிலையாகத் தங்காத தோட்டத் தொழிலாளர் என்பது கருத்தில் கொள்ளப்பட்டது. 1956இன் நடுவண் அரசுக் குறிப்பாணை, சிறுபான்மை மொழி ஒரு மாவட்டத்தில் ஆட்சிமொழியாக 70 விழுக்காட்டினர் வேண்டும் என்றது. ஆந்திர எல்லைக்கான படாஸ்கர் தீர்வோ சிற்றூரையே அலகாகக் கொண்டது. எந்த அலகு, எந்த வரம்பு, யாரைச் சேர்த்து எண்ணுவது என்பவை மாறினால் விடையும் மாறும்.

இன்று இத்தகைய கணக்குகளை ஜூப்பிட்டர் குறிப்பேட்டில் செய்கிறோம். தேவிகுளத்துக்கு எழுதியதை நகலெடுத்து, வட்டத்தின் பெயரை மட்டும் மாற்றிச் சித்தூருக்கும் உடும்பன்சோலைக்கும் ஓட்டுவது பரவலான பழக்கம். பிழையை ஒரு நகலில் திருத்தினால் மற்றவற்றில் அது அப்படியே நிற்கும்.

இக்குறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1970களில் யூனிக்ஸில் வளர்ந்த சி மொழி நிரல்கள், கட்டளை வரியில் தரப்படும் மதிப்புகளைத் தொடக்கத்திலேயே பெற்றுக்கொண்டன. பெர்னாண்டோ பெரெஸ் 2001இல் தொடங்கிய ஐபைத்தான், மனிதர் எதிரே அமர்ந்து உரையாடுவதற்கானது. அதன் குறிப்பேடு 2011இல் வந்தது. 2014இல் ஜூப்பிட்டர் தனித் திட்டமாயிற்று. குறிப்பேட்டின் நிரலை இயக்கும் கருநிரல் தனிச் செயலாக ஓடுவதால், அதன் கட்டளை வரியில் இருப்பது இணைப்புக் கோப்பின் முகவரியே. ஆய்வாளர் தர விரும்பும் மதிப்பு அங்கே வந்து சேராது. ஆகவே சூழல் மாறிகளைக் கொண்டு சமாளித்தனர்.

என்டெராக்ட் குழுவினர் 2017இல் வெளிக்கொணர்ந்த பேப்பர்மில் இதற்கு வழி கண்டது. நெட்பிளிக்ஸ் 2018இல் தன் பயன்பாட்டை விளக்கி எழுதியபின் அது பரவலாக அறியப்பட்டது. இயல்பு மதிப்புகள் கொண்ட கட்டத்துக்கு ‘பாராமீட்டர்ஸ்’ என்று குறிச்சொல் இட வேண்டும். கட்டளை வரியில் தரும் புதிய மதிப்புகள் அதற்கு அடுத்த கட்டமாகச் செருகப்படும். விடை தனிக் குறிப்பேடாகச் சேமிக்கப்படுவதால், எந்த மதிப்புகளோடு கணக்கு ஓடியது என்பதும் அதிலேயே பதிவாகும்.

ஓர் எச்சரிக்கை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வட்டக் குறியெண்கள் சுழியத்தில் தொடங்கும் ஐந்திலக்கங்கள். ‘பி’ என்னும் விருப்பக்குறியுடன் தந்தால் பேப்பர்மில் அதை எண்ணாக மாற்றிவிடும், முன்சுழியம் மறையும், அட்டவணைகள் பொருந்தாமல் அந்த வட்டமே விடையிலிருந்து காணாமற் போகலாம். ‘ஆர்’ என்னும் விருப்பக்குறி அதை எழுத்துச் சரமாகவே காக்கும்.

அளவுரு என்பது வசதி மட்டுமன்று. அலகையும் வரம்பையும் ஆண்டையும் முதற்கட்டத்தில் வெளிப்படையாக வைத்தால், நம் முடிவை ஏற்காதவர் ஒரு மதிப்பை மாற்றித் தாமே ஓட்டிப் பார்க்கலாம். 1955இல் எல்லை வட்டத்து மக்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. நம் ஆய்வை வாசிப்பவருக்கு அது இருக்க வேண்டும்.