ஒரே சரக்குக்கு இருமுறை சுங்கமா?

அயல்நாட்டிலிருந்து வரவழைத்த பொருள் பழுதுபட்டு வந்து சேருகிறது. சுங்கம் செலுத்தி அதை மீட்டவர் திருப்பியனுப்புகிறார். மாற்றுப் பொருள் வருகிறது. அதற்கும் சுங்கம் கேட்கப்படுகிறது. ‘முன்னரே செலுத்திவிட்டேனே’ என்பது அவர் வழக்கு. ‘இப்போது எல்லை கடந்திருப்பது வேறு சரக்கு’ என்பது அதிகாரியின் வழக்கு. வரி மனிதரின் உடைமைக்கா, எல்லை கடக்கும் ஒவ்வொரு தடவைக்குமா என்னும் இவ்வினா, ஹிஜ்ரி முதல் நூற்றாண்டிலேயே ஃபுராத் நதிக்கரையில் எழுந்துவிட்டது.

நம் வணிகரிடம் அயல்நாட்டார் பத்திலொன்று பெறுகின்றனர் என்று அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள், கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்கு (ஆட்சி 634–644) எழுதினார்கள். அவர்கள் பெறுமளவே அவர்களிடமும் பெறுக, நம் ஆட்சியிலுள்ள திம்மீக்களிடம் இருபதிலொன்று, முஸ்லிம்களிடம் நாற்பதிலொன்று, 200 திர்ஹத்துக்குக் குறைந்ததற்கு ஏதுமில்லை என்று கலீஃபா விடையளித்தார்கள். இதைத் தண்டியவருக்கு ‘ஆஷிர்’ என்று பெயர். பத்திலொன்று பெறுபவர் என்பது சொற்பொருள். பலரிடம் அவர் பெற்றதோ அதிற் பாதியும் காற்பங்குமே!

அத்தகைய ஆஷிர்களுள் ஒருவர் ஸியாத் இப்னு ஹுதைர். ஃபுராத்தின் குறுக்கே கயிறு கட்டி அவர் தீர்வை தண்டியதாக ஓர் அறிவிப்பு உண்டு. தக்லிப் குலத்துக் கிறிஸ்தவர் ஒருவர் குதிரையுடன் அவ்வழி வந்தார். குதிரையின் மதிப்பு 20,000 திர்ஹம் எனக் கணிக்கப்பட்டது. குதிரையைத் தந்து 19,000 பெற்றுக்கொள்ளலாம், அல்லது 1,000 செலுத்திக் குதிரையை வைத்துக்கொள்ளலாம் என்றார் ஸியாத். மதிப்பு மிகையெனில் அதிகாரியே நட்டப்படும்படி அமைந்த ஏற்பாடு. இன்றைய மதிப்பீட்டாளர் எவரும் இதற்கு இசைவாரோ? வணிகர் 1,000 செலுத்தினார். அதே ஆண்டில் அக்குதிரையுடன் திரும்பியபோது மீண்டும் 1,000 கேட்கப்பட்டது. அவர் மக்கா சென்று கலீஃபாவிடம் முறையிட்டார். ‘உமது காரியம் முடிந்தது’ என்னும் பொருள்பட ஒரே சொல்லில் மறுமொழி வந்தது. ஏமாற்றத்துடன், இன்னுமோர் ஆயிரம் கொடுக்கத் துணிந்தே அவர் மீண்டார். கலீஃபாவின் கடிதம் அவருக்கு முன்னரே ஸியாதிடம் சேர்ந்திருந்தது: ஒருமுறை பெற்றுவிட்டால் அடுத்த ஆண்டு அந்நாள்வரை பெறலாகாது, மிகுதியான பொருள் இருந்தாலன்றி.

அவ்வணிகர் அங்கேயே இஸ்லாத்தைத் தழுவினார் என்று செய்தி முடிகிறது. ஹாரூன் ரஷீதுக்காக இமாம் அபூயூசுஃப் (ரஹ், மறைவு 798) எழுதிய கிதாபுல் கராஜில் இது பதிவாகியுள்ளது. நம் மேடைகளில் அம்முடிவே விரித்துரைக்கப்படும். எனக்கோ ‘மிகுதி இருந்தாலன்றி’ என்னும் விலக்கே பெரிதாகத் தோன்றுகிறது. நூறு ரூபாய்ப் பொருளுக்கு மாற்றாக நூற்றிருபது ரூபாய்ப் பொருள் வருமாயின், அவ்வளவுகோலின்படி சுங்கம் இருபதுக்கே.

எனினும் இதை எல்லோருக்கும் உரிய பொதுவிதியாக்கிவிட இயலாது. அயல்நாட்டு வணிகர் தம் நாடு சென்று மீண்டும் வந்தால், ஒரு மாதமே கழிந்திருப்பினும், தீர்வை உண்டென்பதே அபூயூசுஃப் அவர்களின் தீர்ப்பு. இமாம் மாலிக் (ரஹ், மறைவு 795) இன்னும் கண்டிப்பானவர். நாடுவிட்டு நாடு சென்று வணிகம் புரியும் திம்மீக்கள் ஓராண்டில் எத்தனை முறை வந்தாலும் அத்தனை முறையும் செலுத்த வேண்டும், ஏனெனில் அவர்தம் உடன்படிக்கையில் அச்சலுகை இடம்பெறவில்லை என்பார்.

இந்தியச் சட்டமும் இரண்டாம் வரவைப் புதிய இறக்குமதியாகவே கொள்கிறது. ஆயினும் 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. தீர்வை செலுத்திய பொருளைப் பயன்படுத்தாமல் இரண்டாண்டுக்குள் திருப்பியனுப்பினால், செலுத்தியதில் 98 விழுக்காட்டைத் திரும்பப் பெறலாம். அனுப்புவது அதே பொருள்தான் என்று அதிகாரிக்கு ஐயமற விளங்க வேண்டும். சுங்கச் சீட்டைத் தொலைத்தவர் படும் பாடு இங்கேதான். எகிப்தின் ஆயத்துறைப் பொறுப்பாளர் ஸுரைக் இப்னு ஹய்யானுக்குக் கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ், ஆட்சி 717–720) எழுதிய கட்டளையில், தீர்வை விகிதங்களைக் கூறியபின், பெற்றதற்கு ஓராண்டுவரை செல்லும் சீட்டை வணிகர் கையில் எழுதிக் கொடுக்குமாறும் பணித்திருந்தார்கள்.