வர்ஜீனியாவில் முளைத்த புகையிலை விதை

நாடுகளின் வரலாற்றை மாற்றுவோர் மன்னரும் படைத்தலைவரும் மட்டும் அல்லர். சிற்சில வேளைகளில் ஒரு சிறு விதையும் அப்பணியைச் செய்துவிடுகிறது. வட அமெரிக்காவின் வர்ஜீனியாக் குடியேற்றத்தில் புகையிலை விதை செய்த வேலை இதற்குத் தக்க சான்றாகும்.

கி. பி. 1607 ஆம் ஆண்டில் இலண்டன் வணிகக் குழுவினர் அனுப்பிய ஆங்கிலேயர் அங்கே ஜேம்ஸ்டவுன் என்னும் ஊரை அமைத்தனர். பொன் தேடி வந்தோர்க்குப் பசியும் பிணியுமே கிட்டின. 1609-10 ஆம் ஆண்டின் குளிர்காலப் பஞ்சத்திற்குப் பின் அவ்வூரில் எஞ்சியோர் ஏறத்தாழ 60 பேரே. குடியேற்றம் நிலைபெற வேண்டுமாயின், இங்கிலாந்தில் விலைபோகும் விளைபொருள் ஒன்று இன்றியமையாததாயிற்று.

அதனைக் கண்டளித்தவர் 1610 இல் அங்கு வந்துசேர்ந்த ஜான் ரால்ஃப். அந்நாட்டுப் பழங்குடியினர் பயிரிட்ட புகையிலை காரம் மிக்கது. ஆங்கிலேயர் விரும்பியதோ, ஸ்பானியர் தம் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து விற்றுவந்த மென்சுவை இலை. ரால்ஃப் திரினிடாத் தீவின் விதையைப் பெற்று 1612 அளவில் விதைத்துப் பார்த்தார். 1614 இல் அவ்வினப் புகையிலை இங்கிலாந்துக்குக் கப்பலேறியது.

புகையிலை விதை தூள் போன்றது; ஒரு கிராம் எடையில் ஏறத்தாழ 10,000 விதைகள் அடங்கும். ஆழப் புதைத்தால் முளை மேலெழாது. ஆதலின் நாற்று விட்டே இதனை வளர்க்க வேண்டும். வர்ஜீனியா உழவர் குளிர்கால இறுதியில், நாற்றங்காலுக்குரிய நிலத்தில் விறகை அடுக்கி எரித்தனர். களை விதைகள் கருகின, சாம்பல் உரமாயிற்று. விதையைச் சாம்பலோடு கலந்து மேலாகத் தூவி, பனி தாக்காவண்ணம் தழைகளால் மூடினர். மே மாதத்தில் மழை பெய்து மண் ஈரமாயிருக்கும் நாள் பார்த்து நாற்றுகளைப் பிடுங்கி நட்டனர். கொழுந்தைக் கிள்ளுதல், பக்கக் கிளைகளை ஒடித்தல், புழுக்களைப் பொறுக்குதல் ஆகிய அனைத்தும் கைவேலையே. விதைக்கெனப் பூக்கவிட்ட சில செடிகளே அடுத்த ஆண்டுக்குப் போதுமானவை. எனவே விதைக்கு என்றும் குறைவில்லை. குறைவாயிருந்தவை நிலமும் உழைக்கும் கைகளுமே.

1617 இல் ஜேம்ஸ்டவுனின் தெருக்களிலும் சந்தைத் திடலிலுங்கூடப் புகையிலை நடப்பட்டிருந்தது. அவ்வாண்டு ஏறத்தாழ 20,000 இராத்தல் ஏற்றுமதியாயிற்று. இரண்டு ஏக்கரில் சோளம் பயிரிட்ட பின்னரே புகையிலை நடலாம் என ஆட்சியாளர் கட்டளையிட நேர்ந்தது. பட்டினியில் மடிந்த ஊர் சில ஆண்டுகளிலேயே உணவுப் பயிரை மறக்கத் தலைப்பட்டது.

மூன்று நான்கு விளைச்சலில் மண்ணின் வளம் குன்றியது. புதுநிலம் நாடிய குடியேறிகள் பௌஹாட்டன் பழங்குடியினரின் நிலங்களுள் மேன்மேலும் புகுந்தனர். 1622 மார்ச்சுத் திங்களில் அப்பழங்குடியினர் திருப்பித் தாக்கியதில் 347 குடியேறிகள் மாண்டனர். நெடிய போர் மூண்டது. வயல்வேலைக்கு முதலில் இங்கிலாந்தின் ஏழைகள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர். 1619 இல் ஆப்பிரிக்கர் 20 பேருக்கு மேல் அங்கே கொணரப்பட்டு, உணவுப் பொருளுக்கு ஈடாக விற்கப்பட்டனர். இச்செய்தியைக் கடிதத்தில் எழுதிவைத்தவரும் அதே ரால்ஃப்தான். அந்நூற்றாண்டின் இறுதியில் அடிமைகளின் உழைப்பே புகையிலைத் தோட்டங்களின் அடிப்படையாயிற்று.

ரால்ஃபின் விதை ஒரு குடியேற்றத்தை அழிவினின்றும் காத்தது உண்மையே. ஆயின் அதன் விலையைப் பெரிதும் கொடுத்தவர் நிலமிழந்த பழங்குடியினரும் உரிமையிழந்த ஆப்பிரிக்கருமே ஆவர். வர்ஜீனியாவின் செல்வப் பெருக்கை எழுதும் வரலாறு இவ்விரு சாராரையும் சேர்த்தெழுதினாலன்றி முழுமை பெறாது.