பாட்டன் நகர்

பாட்டன் நகர் என்பது 1965 ஆம் ஆண்டு இந்திய-பாக்கித்தான் போரில் கைப்பற்றப்பட்ட பாக்கித்தானிய டாங்கிகள் காட்சிக்கு வைக்கப்பட்ட இடத்துக்கு வழங்கிய பெயர் ஆகும். இது பஞ்சாப் மாநிலத்தில் பிக்கிவிண்ட் என்னும் ஊரில் அமைந்திருந்தது. அப்போது அமிர்தசரசு மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 2006 முதல் தரண் தாரண் மாவட்டத்தில் அடங்குகின்றது.

பெயர்

அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பாட்டனின் நினைவாக எம்-47, எம்-48 வகை டாங்கிகள் "பாட்டன்" என அழைக்கப்பட்டன. தாத்தாவைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 45 தொன் அளவு எடையும் 90 மி.மீ. பீரங்கியும் கொண்ட இவை பேச்சுவழக்கில் கனரக டாங்கிகள் எனப்பட்டாலும், முறையான வகைப்பாட்டில் நடுத்தர டாங்கிகளே ஆகும். அமெரிக்கப் படைத்துறை உதவியின் கீழ் பாக்கித்தான் இவற்றைப் பெற்றது.

அசல் உத்தர் சண்டை

செப்டம்பர் 7 அன்று இந்தியாவின் 4 ஆவது மலைப் படைப்பிரிவு, கேம் கரண் பகுதியிலிருந்து பின்வாங்கி, அசல் உத்தர் ஊரைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் நிலைகொண்டது. செப்டம்பர் 8 முதல் 10 வரை பாக்கித்தானின் 1 ஆவது கவசப் படைப்பிரிவு இந்நிலைகளைத் தாக்கியது. இந்தியத் தரப்பில் 2 ஆவது தனிக் கவசப் பிரிகேடுக்குப் பிரிகேடியர் தியாகராஜ் தலைமை தாங்கினார். இவருக்குப் பின்னர் மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. ஜீப்பில் பொருத்திய பின்னுதைப்பற்ற பீரங்கியால் பல டாங்கிகளை அழித்து வீரமரணம் அடைந்த அப்துல் அமீதுக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது.

கைவிடப்பட்ட காரணங்கள்

* கால்வாய்க் கரைகள் உடைக்கப்பட்டதால் வயல்கள் சேறாயின. கனத்த டாங்கிகள் அதில் புதைந்து நகர முடியாமல் நின்றன.
* உயர்ந்து வளர்ந்த கரும்புப் பயிர் பார்வையை மறைத்தது. அதற்குள் மறைந்திருந்த இந்திய டாங்கிகள் மிக அருகிலிருந்து சுட்டன.
* துணைக்குப் போதிய காலாட்படை உடன் வரவில்லை.
* சில டாங்கிகளுக்கு எரிபொருள் தீர்ந்தது.

இதனால் கவசம் துளைக்கப்படாத டாங்கிகளும் வீரர்களால் விடப்பட்டன. அழிக்கப்பட்டவையும் கைப்பற்றப்பட்டவையும் சேர்த்து 97 டாங்கிகள் என்பது இந்தியத் தரப்புக் கணக்கு. எனினும் கேம் கரண் நகரம், செப்டம்பர் 23 அன்று போர்நிறுத்தம் ஏற்பட்டபோதும் பாக்கித்தான் வசமே இருந்தது. 1966 சனவரியில் கையெழுத்தான தாசுகந்து உடன்பாட்டின்படியே அது மீண்டது.

பின்னர்

பிக்கிவிண்டில் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்த டாங்கிகள் பின்னாளில் நாட்டின் பல படைமுகாம்களுக்கும் நகரங்களுக்கும் போர் நினைவுச் சின்னங்களாக அனுப்பப்பட்டன. எடையும் கவசமும் மிகுந்த ஊர்தியும் தரையின் தன்மை, எரிபொருள், காலாட்படைத் துணை ஆகியவற்றைச் சார்ந்தே இயங்குகின்றது என்பதற்கு அசல் உத்தர் சண்டை எடுத்துக்காட்டாகக் கூறப்படுகின்றது.