லேடிஸ்மித் தந்த பொம்மை

அக்கா மகன் தன் பல்கலைக்கழக விளையாட்டு அணிக்கு மாஸ்காட்டாகத் தேர்வாகியிருக்கிறான். கரடித் தலையை மாட்டிக்கொண்டு மைதான ஓரத்தில் ஆட வேண்டும். "உள்ளே இருக்கிறது யாருன்னே தெரியாது மாமா" என்றான் போனில், பெருமையாகத்தான்.

லண்டனில் எம்.எஸ்சி. படித்த காலத்தில் நான் பார்த்த மாஸ்காட் ஒன்று நினைவுக்கு வந்தது. யூனிவர்சிட்டி காலேஜ் மாணவர் சங்கத்தில் இருக்கும் ஃபினியஸ் மக்லினோ. ஸ்காட்லாந்து மலைநாட்டு வீரன் உடையில் ஒரு மரப்பொம்மை. மூக்குப்பொடி, புகையிலைக் கடைகளின் வாசலில் ஒருகாலத்தில் இப்படிப்பட்ட பொம்மைகளை நிறுத்திவைப்பார்கள். இவன் நின்றது டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில், கேட்ஸ்பி கடையில். 1900 மார்ச்சில் லேடிஸ்மித் மீட்கப்பட்ட செய்தி வந்து லண்டனே தெருவில் ஆடியபோது, மாணவர்கள் இவனைத் தூக்கிவந்துவிட்டார்கள். போட்டிக் கல்லூரியான கிங்ஸ் 1923-இல் ரெஜி என்ற சிங்கத்தை வைத்துக்கொண்டது. ஒருவர் மாஸ்காட்டை மற்றவர் கடத்துவது பல தலைமுறைகளுக்கு விளையாட்டாக நடந்தது.

இந்தக் கதையைக் கேட்டு நானும் சிரித்தேன். லேடிஸ்மித் எங்கே இருக்கிறது என்று தேடிப் படித்தது பல வருடம் கழித்துத்தான்.

அது தென்னாப்பிரிக்காவில், நேட்டாலில் இருக்கும் ஊர். போயர்கள் அதை 118 நாள் முற்றுகையிட்டிருந்தார்கள். மீட்கப் போன ஆங்கிலேயப் படை 1899 டிசம்பரில் கொலென்சோவிலும், அடுத்த மாதம் ஸ்பியன் காப் மலையிலும் அடிவாங்கியது. அங்கே காயம்பட்டவர்களைச் சுமந்தவர்களில் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையினரும் உண்டு. சுமார் 1,100 பேர். அவர்களில் ஏறக்குறைய 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். சில நாள் இருபது, இருபத்தைந்து மைல் தூரம் ஸ்ட்ரெச்சரோடு நடந்ததாகக் காந்தி எழுதியிருக்கிறார். அந்தக் காந்தியையும் தன் பழைய மாணவர் என்று யூனிவர்சிட்டி காலேஜ் இன்று சொல்லிக்கொள்கிறது.

நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச்சென்ற முதல் கப்பல் ட்ரூரோ, மதராஸிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. பிறகு போனவர்களிலும் பெரும்பகுதி மதராஸ் துறைமுகத்தில் ஏறியவர்கள்தான். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள்.

போர் முடிந்தபின் ஆம்புலன்ஸ் படையின் தலைவர்களுக்குப் பதக்கம் கிடைத்தது. கூலிகள் கரும்புத் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கினால் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி என்று 1895-இல் போட்ட சட்டம் அப்படியே இருந்தது. தமிழர்களும் பெருந்திரளாக இறங்கிய 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914-இல்தான் அது ஒழிந்தது.

திருடிவந்த மரப்பொம்மைக்குப் பரம்பரைப் பெயர்வரை வைத்து நூற்றாண்டுக்கு மேலாகக் காப்பாற்றுகிறார்கள். அதில் எனக்குக் கோபம் இல்லை. மாணவர்கள் அப்படித்தான். ஆனால் அந்தக் கொண்டாட்டத்துக்குப் பின்னால் தோள் கொடுத்த நம்மவர்களை நாமே நினைத்ததில்லை என்பது உறுத்துகிறது.

மருமகனிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"அவங்க பேராவது எங்கேயாவது இருக்கா மாமா?"

நேட்டால் கப்பல் பதிவேடுகள் இருக்கின்றன. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாம் அவற்றில் உண்டு. அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம் என்றிருக்கிறேன்.